முதலில் அவன் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நகரத்திலிருந்து இடம் மாற்றிக் குடிவைத்த ஒரு குடியிருப்பில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மாலைப் படிப்பு மையம் நடத்துகிறீர்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் எட்டுப் பேர் தினமும் வாசலில் நின்று கலாட்டா செய்கிறார்கள், உள்ளே வருவதில்லை. அதில் ஒருவன் பத்தாம் வகுப்பில் ஃபெயில். கஞ்சாப் பழக்கம் என்று பேச்சு. ஒரு அடிதடியில் ஸ்டேஷன் வரை போய் வந்துவிட்டான். நீங்கள் போன பயிற்சி வகுப்பில், ‘குறையைப் பார்க்காதீர்கள், பலத்தைப் பாருங்கள், அதுதான் இப்போதைய அணுகுமுறை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ‘இவனிடம் பலம் என்று எதைப் பார்ப்பது? உண்மையைச் சொன்னால் ஒன்றும் தெரியவில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல கேள்வி. பயிற்சி முடிந்ததும் வண்ண அட்டை வாங்கி, ‘நான் ஒரு நட்சத்திரம்’ என்று எழுதி, பையன்களைக் கூப்பிட்டுத் தங்கள் பலங்களை எழுதச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். பாதிப் பேர் அட்டையில் ‘கெத்து’ என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். பொய்ப் பாராட்டை இந்த வயதுப் பையன்கள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘நீ ரொம்ப நல்ல பையன்டா’ என்று சொன்னால், ‘என்னைத் தெரியாமல் பேசுகிறார்’ என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அது நியாயமும்கூட. உங்களுக்கு அவனைத் தெரியாதுதானே?

நான் வடசென்னையில் இப்படிப்பட்ட மையங்களில் 12 வருடம் இருந்தவன். எங்கள் வாசலிலும் ஒருவன் நின்றான். பெயர் வேண்டாம். கணக்கில் 19 மார்க். அம்மா மீன் வியாபாரம், அப்பா அவர்களோடு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். “மேல மாடில தான் சார் கெடப்பான், வேற எங்க போவான்” என்றார் அம்மா. ஹவுசிங் போர்டு கட்டடத்தின் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பழைய கதவுப் பலகையும் கம்பிவலையும் வைத்து அவனே அடித்த புறாக்கூண்டு. உள்ளே 14 ஹோமர் புறா, எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூண்டுக்குத் திரும்பிவரும் ஜாதி.

வடசென்னையில் புறாப் பந்தயம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. புறாக்களை லாரியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு கூண்டும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், முதலில் வந்து சேர்ந்ததே ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகம் பார்க்க வேண்டும். கூண்டின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு சொருகியிருந்தது. புரட்டினேன். காலில் போட்ட வளையத்தின் எண், ஜோடி சேர்த்த தேதி, முட்டை வைத்த தேதி, பதினெட்டாம் நாள் பொரித்ததா இல்லையா, பறக்கவிட்ட நேரம், வந்து இறங்கிய நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆவதற்குள் வளையத்தை மாட்டிவிட வேண்டும், விட்டால் பாதம் பெருத்து வளையம் நுழையாது என்று சொன்னான். சொல்லிக்கொண்டே ஒரு புறாவை எடுத்தான். இரண்டு விரலுக்கு நடுவில் கால்கள், மேலே கட்டைவிரல் இறக்கை நுனிகளை மெல்ல அணைத்தபடி. புறா துளிக்கூடத் திமிறவில்லை. ஸ்டேஷனில் அடிதடிக்குப் பேர் எடுத்த கை அது.

நோட்டில் சில எண்களுக்கு எதிரே ஒரே ஒரு சொல் இருந்தது. ‘வரல’. பந்தயத்துக்குப் போய்த் திரும்பாத புறாக்கள்.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள், நீங்களும் இதையேதான் செய்யத் துடிப்பீர்கள். மறுநாளே பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ‘பார், உனக்குத்தான் வேகம், தூரம், நேரம் எல்லாம் தெரியுமே, இந்தக் கணக்கும் அதேதான்’ என்றேன். அவன் முகம் அப்படியே மூடிக்கொண்டது. மூன்று வாரம் வாசல் பக்கமே வரவில்லை. அவனுக்கென்று இருந்த ஒரே இடத்துக்குள்ளும் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டேன். பலத்தைக் கண்டுபிடித்த அன்றே அதைத் தூண்டில் புழுவாக்கினால் இப்படித்தான் ஆகும்.

சரி, அந்த மாடியில் பலம் என்பது எது? புறா வளர்ப்பது மட்டும் என்றால் அது ஒரு பொழுதுபோக்கு. விடாமல் எழுதிவைக்கும் ஒழுங்கு, ஒரு உயிரை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வது, வராததை ‘வரல’ என்று எழுதிவிட்டு அடுத்த ஜோடியைச் சேர்க்கும் தெம்பு, இவைதான் பலம். இதை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியும். கேள்வித்தாள் கொடுத்தால் இது எதுவும் வராது, அவனுக்கே தெரியாது. நேரில் போய் அவன் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவன் செட் போட்டு கானா அடிப்பான். இன்னொருவன் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரம் தெரிந்து கிழவிகளுக்குக் குடம் பிடித்து வைப்பான். கேவலமாகத் தெரிகிற இடங்களிலும் பாருங்கள். எட்டுப் பேரை ஒரே வாசலில் தினமும் நிற்கவைக்கிறவனிடம் ஆள் சேர்க்கும் திறமை இருக்கிறது. உங்கள் மையத்தில் நான்கு தன்னார்வலர்களால் முடியாத காரியம் அது.

இந்த அணுகுமுறை வெறும் நல்லெண்ணத்தில் பிறந்ததில்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டில் குடி, ஓயாத சண்டை போன்ற ஆபத்துகளில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் 201 பேர். இவர்களில் 72 பேர் படிப்பிலும் வாழ்க்கையிலும் பெரிதாக இடறாமல் வளர்ந்தார்கள். அதுவரை எல்லாரும் மற்ற 129 பேரைப் போன்றவர்களைப் பார்த்து ‘எது கெடுத்தது’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னரும் ஸ்மித்தும் அந்த 72 பேரைப் பார்த்து ‘எது காப்பாற்றியது’ என்று கேட்டார்கள்.

கிடைத்த பதிலில் இரண்டு விஷயம் உங்களுக்கு வேண்டியது. ஒன்று, பாட்டி, மாமா, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒரு பெரியவர் விடாமல் கூட இருந்திருக்கிறார். இரண்டு, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் நிஜமான வேலை இருந்திருக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கொஞ்சம் சம்பாதித்துக் கொடுப்பது என்று, அவர்கள் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். ராணுவம், திருமணம், திரும்பவும் படிக்கப்போன உள்ளூர்க் கல்லூரி, சர்ச் என்று ஆளுக்கொரு வழி. அதனால் பதினாறு வயதில் ஒருவனை ‘இனி அவ்வளவுதான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பலம், பலம் என்று சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. அமெரிக்காவில் மினியாபொலிஸில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனம் 1990-களில் 40 அம்சங்களாகவே பிரித்து வைத்தது. 20 பிள்ளைக்கு வெளியே இருப்பவை, 20 உள்ளே. அதில் எனக்குப் பிடித்தது இந்தப் பாதிக்குப் பாதிதான். அவன் மனதுக்குள் மட்டும் தேடாதே, அவனைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார், இல்லையென்றால் அதை உண்டாக்கு என்கிறது. மற்றபடி பட்டியலைச் சுவரில் ஒட்டிவைப்பதால் ஒன்றும் ஆகாது.

இப்போது செய்யக்கூடாத இரண்டு விஷயம். உங்கள் மையத்து நண்பர் ஒருவர், ‘தெரிந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லி நன்றாக ஒருமுறை மிரட்டிவிடலாமா’ என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் இந்த யோசனை வரும். இதை அமெரிக்காவில் ஒரு திட்டமாகவே செய்து பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் ராவே சிறையில் 1970-களில் ஆரம்பித்தது. வழி தவறும் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவைத்துப் பயமுறுத்துவார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பையன்கள், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். நம் பையனுக்கு ஸ்டேஷனில் இரண்டு தட்டு தட்டி அனுப்பினால் அடுத்த நாள் வாசலில் அவன் மதிப்பு கூடுகிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு இதைவிட நல்ல முகத்தோடு வரும். அந்த எட்டுப் பேரையும் சேர்த்து ‘சிறப்பு பேட்ச்’ என்று ஒன்று ஆரம்பிப்பது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 506 பையன்கள். பாதிப் பேருக்கு சுமார் ஐந்து வருடம் ஆலோசகர், படிப்பு உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று எல்லாம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் தேடிப்போய்ப் பார்த்தார். உதவி பெற்றவர்கள் நிலைமைதான் மோசம். அதிலும் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் இன்னும் மோசம். காரணம் என்று பலரும் நினைப்பது இதுதான்: சேட்டைக்காரர்களை ஒரே இடத்தில் கூட்டினால் ஒருவன் பெருமையடிக்க, மற்றவன் கைதட்ட, அதுவே பாடமாகிவிடுகிறது. அதனால் எட்டுப் பேரையும் எட்டு இடத்தில் கலந்துவிடுங்கள். ஒருவன் சின்னப் பிள்ளைகளோடு, ஒருவன் கேரம் போர்டில், ஒருவன் கரண்ட் வேலை தெரிந்த பெரியவரோடு.

கேரம் என்றதும் ஒன்று. இந்தப் பகுதிகளில் வேலை செய்கிற எல்லாரும் உடனே சாம்பியன்களை எடுத்துக்காட்டுவார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். உங்கள் குடியிருப்பைப் போலவே நகரத்திலிருந்து இடம் மாற்றிக் குடிவைத்த கண்ணகி நகரின் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கிய ஊரில், அந்தப் பெயர் நல்ல செய்தியாகத் தலைப்பில் வந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் பையனிடம் ‘அவளைப் பார்’ என்று சொல்லாதீர்கள். தங்கம் வாங்காத மற்ற நூறு பிள்ளைகளும் அதே மைதானத்தில் மாலை இரண்டு மணி நேரம் ஆடினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

என் பையன் கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்துத் தானாக வாசலுக்கு வந்தான். நான் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை அவன் கையில் கொடுத்து, ‘எங்களுக்கு இதைச் சரியாக வைத்துக்கொள்ள ஆளில்லை’ என்றேன். அது பொய்யும் இல்லை, எங்கள் பதிவேடு அவ்வளவு அலங்கோலம். ஒரு வாரத்தில் கோடு போட்டு, மையை மாற்றி, ஒழுங்காக்கிவிட்டான். வராத பிள்ளைகளுக்கு எதிரே நாங்கள் போடும் சுழி இல்லை, ‘வரல’ என்றுதான் எழுதினான். அப்புறம் யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்க ஆரம்பித்தான். காய்ச்சல், அப்பா குடித்துவிட்டு அடித்தது, தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஓரத்தில் காரணமும் எழுதினான். நாங்கள் நான்கு வருடமாகச் சேகரிக்காத தகவல் அது.

பிறகு மையத்துச் சாவியைக் கொடுத்தோம். இதற்கு எங்களுக்குள் பெரிய சண்டை. இரண்டாவது மாதமே சாவியைத் தொலைத்தான். அதோடு எட்டு நாள் ஆளையும் காணோம். பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு வாங்க 180 ரூபாய் ஆனது. திரும்பி வந்தபோது திட்டவில்லை, சும்மா விடவும் இல்லை. 180 ரூபாய் உன் கணக்கு என்றோம். 30, 50 என்று மூன்று மாதத்தில் கொடுத்து முடித்தான். கொடுத்து முடித்த அன்று புதுச் சாவி. பலம் சார்ந்த அணுகுமுறை என்றால் தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த 180 ரூபாயைத்தான் சொல்வேன்.

படிப்புக்கு அவனாகத்தான் வந்தான். துணைத்தேர்வில் கணக்கில் 38. பாஸ் மார்க் 35. அப்புறம் ஐடிஐ. உங்கள் பையனுக்கு ஒரு தகவல்: பத்தாம் வகுப்பு தேறாவிட்டாலும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ‘பத்தில் போனால் எல்லாம் போச்சு’ என்றே இந்தப் பையன்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினால் போதும்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அதே வாசலில் நின்றவர்களில் இருவரை எங்களால் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒருவன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்னொருவன் இன்றும் வாய்தாவுக்கு அலைகிறான். அவர்களிடமும் பலம் இருந்தது. நாங்கள் தாமதமாகப் போனோம்.

எவ்வளவு நாள் கூட இருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரியவர் ஒருவரைப் பிள்ளை ஒருவரோடு சேர்த்துவிடும் அமெரிக்கத் திட்டம் ஒன்றை 959 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே விட்டுப்போனவர்களைப் பார்த்த பிள்ளைகள், இன்னொருவரும் விட்டுப்போனால் என்ன ஆகும்? அதனால் உங்கள் நான்கு பேரில் யார் குறைந்தது ஒரு வருடம் ஊரை விட்டுப் போகமாட்டாரோ அவரே இந்தப் பையனை எடுத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிற நண்பர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேண்டாம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போயிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கொள்கைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைக் களங்கப்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகத் தொடங்க வாய்ப்பு தர வேண்டும் என்பது இன்னொன்று. 18 வயதுக்குட்பட்டவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நன்னடத்தை அலுவலர் எழுதும் அறிக்கைப் படிவத்தில் ‘பழக்கங்கள்’ என்ற இடத்தில் இரண்டு வரிசை உண்டு. ஒன்றில் புகை, குடி, சூது. மற்றதில் விளையாட்டு, வாசிப்பு, ஓவியம், பாட்டு. முதல் வரிசையை நிரப்ப ஆயிரம் பேர் வருவார்கள். இரண்டாவதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அடுத்த முறை உங்கள் பையனைக் கூட்டிப்போனால் நீங்கள் போய் அதைச் சொல்லுங்கள். அதற்கு அவனைப் பற்றி முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கஞ்சா விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எப்போதாவது இழுக்கிறவனுக்கும், அது இல்லாமல் தூங்க முடியாதவனுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது ஆளுக்கு மருத்துவர்தான் வேண்டும். பதிவேடும் சாவியும் அங்கே உதவாது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416, பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஆபத்து என்றால் 1098. மூன்றையும் மையத்துச் சுவரில் எழுதிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வாசலில் நிற்கிற எட்டுப் பேரும் பையன்கள். அதே வயதுப் பெண்பிள்ளைகள் எங்கே? பள்ளியை விட்டவள் வாசலில் நிற்கமாட்டாள், கலாட்டா செய்யமாட்டாள். வீட்டுக்குள் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தொந்தரவு கொடுக்கிறவனுக்கு மட்டும் திட்டம் போடுவது நம் எல்லாருடைய பழக்கம். உங்கள் பதிவேட்டில் ஆறு மாதம் முன்பு வந்து பிறகு நின்றுபோன பெண் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போங்கள். கையில் புத்தகம், படிவம், செல்போன் கேமரா எதுவும் வேண்டாம். வாரம் முழுக்க அவன் எங்கே இருக்கிறான், எதைத் தொடும்போது கை பதறாமல் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு எதையும் சொல்லித்தர வேண்டாம். ஒரு மாதம் கழித்து, உங்களுக்கு நிஜமாகவே ஆள் தேவைப்படுகிற ஒரு வேலையை அவனிடம் கேளுங்கள். சாவி கொடுக்கிற கட்டம் வந்தால், முன்கூட்டியே இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு விலை இப்போது 180 ரூபாயில் நிற்காது.